ஏழாம் மாடியில் லிஃப்ட் நிற்காது

அருள்ஜோதியின் பாட்டுக்கு அந்த ரெக்கார்டில் இடம் உண்டா இல்லையா என்பது மாலை ஏழு மணி நெருங்கும்வரை யாருக்கும் தெரியாது. அவளுக்கோ காலையிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

அது 1980 ஜூலை, நோன்பு மாதம். அவள் இருந்த பாட்டுக் குழுவின் பெயர் 'அஞ்சடி'. தேக்காவில் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து வாசித்துப் பழகியவர்கள், பெயருக்காக வேறெங்கும் அலையவில்லை. மொத்தமே மூன்று பேர். கிட்டார் வாசித்துப் பாடுபவன் சிலுவைராஜ். அருள்ஜோதிக்குப் பெரியம்மா மகன், தலைவர் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டவன். டிரம்ஸுக்கு நூர்தீன். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவில் நின்று பாடிக்கொண்டிருந்த அருள்ஜோதி, இரண்டு வருடமாகப் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிறாள். அவர்கள் பாட்டெல்லாம் ஒரு தடவை கேட்டால் போதும், மறுநாள் குளிக்கும்போது தானாக வாயில் வரும்.

முதல் ரெக்கார்டுக்கு ஸ்டுடியோவில் மூன்று நாளில் பதினோரு பாட்டு முடிந்திருந்தது. பதினொன்றும் சிலுவைராஜ் எழுதியவை. பன்னிரண்டாவது அருள்ஜோதியுடையது என்று பேச்சு. அப்போதுதான் ஒலிப்பதிவாளர் அழகப்பன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குண்டைத் தூக்கிப் போட்டார். இரண்டாம் பக்கத்தில் மீதி இருப்பது இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அதற்கு மேல் திணித்தால் மொத்தப் பக்கத்தின் சத்தமும் மங்கிப்போகும். ஏழு மணிக்கு ஸ்டுடியோவை அடுத்து எடுத்திருக்கும் விளம்பரக்காரர்கள் வந்துவிடுவார்கள், நாளைக் காலை டேப் அச்சுக்குப் போகிறது.

அவள் பாட்டு நாலரை நிமிடம். ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன முதல் வாரத்தில் எழுதியது. அவர்கள் புளோக்கில் லிஃப்ட் ஐந்தில் நிற்கும், ஒன்பதில் நிற்கும். அவள் வீடு ஏழில். தினமும் ஒன்பதுக்குப் போய் இரண்டு மாடி இறங்க வேண்டும். தேக்காவில் வாசலைத் தாண்டினால் ஆயிரம் ஆட்களைப் பார்த்தவள், ஆளில்லாத படிக்கட்டில் தனியாக இறங்கியபோது வந்த பாட்டு அது. கோயிலில் பாடிய பழக்கமோ என்னவோ, மெதுவாக, இழுத்து இழுத்து வந்தது. அதை அவள் உயிராக நினைத்தாள்.

சிலுவைராஜிடம் இரண்டரை நிமிடப் பாட்டு ஒன்று தயாராகக் கையில் இருந்தது. இருக்காதா பின்னே. அருள்ஜோதி அண்ணனிடம் கெஞ்சுவதில்லை என்று வைராக்கியமாக நின்றாள்.

நூர்தீன்தான் வாயைத் திறந்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் அடித்துக்கொண்டிருந்தவன். அவன் அம்மா கொடுத்தனுப்பிய நோன்புக் கஞ்சி டிபன் கேரியரில் மூலையில் உட்கார்ந்து மணத்துக்கொண்டிருந்தது.

"சிலுவைண்ணே, ஜோதி பாட்டை ஒரே ஒரு தடவ அடிச்சுப் பாத்துருவோம். ஆறு நாப்பத்தெட்டுக்கு நான் நோன்பு தொறக்கணும். அதுக்குள்ள முடிச்சிடலாம் லா."

கஞ்சி குடித்துவிட்டே அடிக்கலாமே, ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா என்று சிலுவைராஜ் சிரித்தான். நூர்தீன் அசையவில்லை. சரி, ஒரே தடவைதான் என்று தலைவர் உத்தரவு கொடுத்தார்.

மைக்கெல்லாம் சரிசெய்து முடித்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஆறு நாற்பத்தைந்து. நூர்தீன் தண்ணீர் பாட்டிலை டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்தான். கடிகாரத்தைப் பார்த்தான். குச்சிகளைத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்றான்.

அது அவள் பாட்டின் வேகமே இல்லை. அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாவி, என் பாட்டைக் கொல்கிறானே என்று அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நிறுத்தச் சொல்ல நேரமில்லை. விரல்கள் ஓடிப்போய் அவன் தாளத்தைப் பிடித்துக்கொண்டன, வாய் பின்னாலேயே ஓடியது.

"அஞ்சுல நிக்குது, ஒம்பதுல நிக்குது,
ஏழுல நானிருக்கேன், எப்ப நிக்கும் சொல்லு!"

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அன்று பாட்டும் பறந்தது. இரண்டாவது அடிக்குள் அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகை என்று நினைத்து எழுதிய வரியெல்லாம் குறும்பாகக் கேட்டது. சிலுவைராஜின் கிட்டார், சொல்லாமலே, அவளுக்குப் பின்பாட்டுப் பாட ஆரம்பித்தது. கண்ணாடிக்குப் பின்னால் அழகப்பன் எழுந்து நின்றுவிட்டார். அருள்ஜோதிக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும்போல் இருந்தது, குதித்தாள்.

கடைசித் தடவை "ஏழுல நானிருக்கேன்" என்று அவள் பாடி முடிக்கவும், நூர்தீன் கை சட்டென்று நின்றது. ஆறு நாற்பத்தெட்டு. மற்ற இருவரும் அவனோடு அப்படியே நின்றார்கள். அந்த அமைதியில், "பிஸ்மில்லாஹ்" என்று மெல்லிய குரல். பிறகு மளக் மளக்கென்று இரண்டு வாய்த் தண்ணீர்.

மைக் திறந்தேதான் இருந்தது.

அழகப்பன் நேரத்தைப் பார்த்துச் சொன்னார்: இரண்டு நிமிடம் முப்பத்தாறு விநாடி. பிறகு, "கடைசிச் சத்தத்த வெட்டிடவா?" என்று கேட்டார்.

"பிஸ்மில்லாவ வேணும்னா எடுத்துருங்கண்ணே, அது அவனுக்கும் அல்லாவுக்கும் உள்ளது" என்றாள் அருள்ஜோதி. "தண்ணி சத்தம் இருக்கட்டும்."

அவர் சிலுவைராஜைப் பார்த்தார். தலைவர் டிபன் கேரியரைத் திறப்பதில் மும்முரமாக இருந்தார்.

"என் பாட்டு அடுத்த ரெக்கார்டுல வரட்டும்" என்றான் நிமிராமலே. "ஜோதி, கஞ்சி ஆறுது, வா."

அக்டோபரில் ரெக்கார்டு வந்தது. ஒரு நாள் வேலை முடிந்து அருள்ஜோதி ஆங் மோ கியோவில் லிஃப்டுக்குள் ஏறியபோது, பள்ளிச் சீருடையில் இரண்டு சீனப் பெண்கள் உள்ளே நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி ஏதோ முணுமுணுக்கத் தொடங்க, மற்றவள் சேர்ந்துகொண்டாள். தமிழ் ஒரு சொல்லும் இல்லை, வெறும் மெட்டு. ஆனால் நூர்தீனின் அதே வேகம். அருள்ஜோதி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தாள். மெட்டு கடைசிக்கு வந்தது. இருவரும் சட்டென்று நிறுத்தினார்கள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். பிறகு தொண்டையிலிருந்து, சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக, மளக் மளக்.

ஒன்பதாம் மாடியில் கதவு திறந்தது. அருள்ஜோதி அந்த இரண்டு மாடிப் படியையும் ஓடியே இறங்கினாள்.