கிணற்றுக்குப் போன நீலம்

பூஜை முடியும்வரை அம்புஜம் மாமி மாடியை விட்டு இறங்கமாட்டாள். பதினோரு வருஷமாக மௌரீனுக்கு அது தெரியும். அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்குப் பட்டறை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவள், மடிப்புடவையோடு மாமி கடைசிப் படியில் நிற்பதைப் பார்த்ததும் கையை அப்படியே நிறுத்திவிட்டாள். மாமியின் கணவர் சாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள்.

"சார் நல்லா இருக்காரா மாமி?"

"அவருக்கு ஒண்ணுமில்லை, பேப்பர் படிச்சிண்டிருக்கார். நீ இதைக் கொஞ்சம் பாரு."

மாமியின் கையில் வெள்ளிச் சொம்பு. பெருமாள் திருமஞ்சனத்துக்கு என்றே தனியாக வைத்திருப்பது. மௌரீன் எட்டிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் நீலமாக இருந்தது. வானத்தின் சாயலாக இருக்குமோ என்று மாமியைப் படிக்கட்டின் நிழலுக்கு வரச்சொல்லி மறுபடி பார்த்தாள். அங்கேயும் நீலம்தான். அதுவும் எந்த நீலம் என்று அவளுக்குத் தெரிந்தது. மயில் நீலம். ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு விழாவுக்காக முந்தின நாள் முழுக்க அறுநூறு டீ-ஷர்ட்டில் அடித்த நிறம். அவளுடைய நகக்கண்களில் அது இன்னும் போகாமல் இருந்தது. மௌரீன் தன்னை அறியாமல் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கிணத்துத் தண்ணியா மாமி?"

"வேற எது? பெருமாளுக்கு நான் குழாய்த் தண்ணி வைக்கறதில்லையே."

பெங்களூர் ஜோகுபாளையத்தின் அந்தச் சந்தில் பழைய கிணறு மிச்சம் இருந்த வீடு அது ஒன்றுதான். மேலே காங்கிரீட் பலகை போட்டு மூடி, மோட்டார் வைத்திருந்தார்கள். காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், சமையலுக்கு அது. குளிக்க, துவைக்க, பூஜைக்குக் கிணறு. வீட்டுக்காரர் கோதண்டராமனும் மாமியும் மேலே இருந்தார்கள். கீழே பின்பக்கம் மௌரீனின் ஸ்கிரீன் பிரின்டிங் பட்டறை. அவளும் புருஷன் தியோடரும் குடியிருந்தது இரண்டு தெரு தள்ளி.

"என் தண்ணி கிணத்துக்கு வராது மாமி. வடிகட்டித்தான் விடறேன். அதுவும் தெரு சாக்கடைக்குப் போகுது," என்றாள் மௌரீன். அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள்.

அந்த வடிகட்டி அவளுடைய பெருமை. அச்சடித்து முடித்ததும், வலைத்துணி கட்டிய அச்சுச் சட்டத்தில் மிச்சமிருக்கும் மையை வழித்து டப்பாவில் போட்டுவிடுவாள். பிறகு சட்டத்தைக் கழுவுகிற தண்ணீர் முதலில் ஒரு பெரிய டிரம்மில் விழுந்து, இரவு முழுக்கத் தெளியும். அங்கிருந்து நெருக்கமான துணிப்பை வழியாக இரண்டாவது டிரம்முக்கு. அதற்குள் மணலும் அடுப்புக்கரியும். கடைசியில் வெளியே வருவது கண்ணாடி மாதிரி இருக்கும். பீன்யா தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர்கள்கூட வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எட்டு மணிக்குத் தாரணி வந்தாள். ஆறு வருஷமாக மௌரீனோடு அச்சடிப்பவள். விஷயத்தைக் கேட்டதும் நேரே துணிப்பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, தையல் பிரிஞ்சிருக்கு. நேத்து வேலை ஜாஸ்தின்னு தெளியவிடாம ரெண்டு தடவை ஊத்தினோம்ல. மணலையும் அரிச்சிட்டுப் போயிருக்கு."

மை தப்பியது எப்படி என்று தெரிந்துவிட்டது. ஆனால் தப்பிய மை தெருவுக்கல்லவா போயிருக்க வேண்டும்? மௌரீன் பிளம்பர் உத்தமனுக்குப் போன் செய்தாள்.

உத்தமன் ஒன்பதரைக்கு வந்தான். வாளியில் மஞ்சள்தூள் கரைக்கச் சொன்னான். தெருவிலிருக்கும் சாக்கடை மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்துவைத்து, அருகில் குந்திக்கொண்டான்.

"ஊத்துங்கக்கா."

மௌரீன் பட்டறையின் கழுவுமிடத்துக் குழியில் ஊற்றினாள். அவன் குரல் வரவில்லை. இன்னொரு வாளி ஊற்றினாள்.

"வந்துச்சா?"

"இல்லக்கா. உங்க லைன்ல ஒரு சொட்டு ஈரம் இல்ல. சிலந்தி வலை கட்டியிருக்கு."

அவள் வெளியே ஓடிவந்து பார்த்தாள். சாக்கடைத் தொட்டியில் மூன்று குழாய் வாய்கள். இரண்டில் ஈரம். மூன்றாவது காய்ந்து, வாயில் வலை அசைந்துகொண்டிருந்தது. உத்தமன் உள்ளே வந்தான். கழுவுமிடத்திலிருந்து சுவரோரமாகத் தரையைக் கம்பியால் தட்டிக்கொண்டே நடந்தான். கிணற்றுக்கு நாலடி தள்ளி, மழைநீர் சேமிப்புக் குழியின் சிமெண்டு மூடி இருந்தது. அதன்மேல் காது வைத்தான்.

"தாரணிக்கா, இன்னொரு வாளி."

தாரணி ஊற்றினாள். மூடிக்கு அடியில் தண்ணீர் விழும் சத்தம் மௌரீனுக்கே நின்ற இடத்தில் கேட்டது.

உத்தமனும் மௌரீனும் சேர்ந்து மூடியை நகர்த்தினார்கள். உள்ளே சல்லிக் கற்களின் மேல் மஞ்சள் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே கற்கள் கல்லின் நிறத்தில் இல்லை. மேலே நேற்றைய மயில் நீலம் அப்பியிருந்தது. உத்தமன் கம்பியால் கிளறினான். நீலத்துக்கு அடியில் கருஞ்சிவப்பு. தேவாலயத் திருவிழாத் தொண்டர்களுக்கு அடித்தது. அதற்கும் அடியில் ஒரு கம்பெனிக்கு அடித்த ஆரஞ்சு, அப்புறம் பச்சை, அப்புறம் எந்த வேலை என்று நினைவில்லாத ஒரு பழுப்பு. கண்ணுக்குத் தெரியாத அளவில் வடிகட்டியைத் தாண்டிப் போனதெல்லாம் வருஷக்கணக்காக அங்கே உட்கார்ந்து ஏடு ஏடாகக் கட்டியிருந்தது. குழியின் அடியிலிருந்து ஒரு குழாய் கிணற்றுக்குள் போனது.

மௌரீன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாரணி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மௌரீன் அதைக் குடிக்காமல் தரையில் வைத்தாள்.

உத்தமன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, பயப்படாதீங்க. ஸ்வல்ப வேலைதான். மத்தியானத்துக்குள்ள குழாயை வெட்டி சாக்கடைக்குத் திருப்பிடறேன். கல்லை மாத்திடலாம். மேலே கேட்டா, மழையில தெரு தண்ணி இறங்கிடுச்சுன்னு சொல்லிக்கலாம். நான் வாயைத் திறக்கமாட்டேன்."

அவன் கெட்டவனில்லை. அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் சொன்னான். ஒரு நிமிஷம் அவளுக்கும் அது நடக்கக்கூடியதாகவே பட்டது. மாடியில் மணி அடித்தது. மாமி வேறு தண்ணீர் வைத்துப் பூஜையை முடித்திருக்க வேண்டும். அப்போதுதான் மௌரீனுக்கு உறைத்தது. திருமஞ்சனம் செய்த தண்ணீரைத்தான் மாமி தீர்த்தமாக எடுத்துக்கொள்வாள். துளசி போட்டு, சின்னக் கரண்டியால் மூன்று உத்தரணி. சாருக்கு மூன்று உத்தரணி. வீட்டுக்கு வருகிறவர்களுக்கும். தினமும். அவர்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதில்லை என்று மௌரீன் இவ்வளவு நேரம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"குழாயைத் தொடாத உத்தமா. அவங்க வந்து பாக்கணும்," என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

கூடத்தில் கோதண்டராமன் சார் சாய்வு நாற்காலியில் இருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமி தரையில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். மௌரீன் வாசற்படியிலேயே நின்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. என் தண்ணீர் மழைநீர்க் குழிக்குப் போகிறது, அங்கிருந்து கிணற்றுக்குப் போகிறது, நேற்று மட்டும் இல்லை, பல வருஷமாக, என்றாள். எனக்குத் தெரியாது மாமி, சத்தியமாகத் தெரியாது, என்றாள். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள்.

மாமி பூவைக் கீழே வைத்தாள். அவள் மௌரீனைப் பார்க்கவில்லை. சாரைப் பார்த்தாள். ஏன் என்று மௌரீனும் திரும்பிப் பார்த்தாள். சாரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அது தெருவுக்குத்தான் போயிண்டிருந்தது. நான்தான் திருப்பச் சொன்னேன்," என்றார்.

மௌரீனுக்கு முதலில் புரியவில்லை.

"மழைநீர் சேமிப்பு கட்டாயம்னு நோட்டீஸ் வந்ததே, அந்த வருஷம். மொட்டைமாடித் தண்ணி உன் கழுவற இடத்துலதான் விழறது. தனியாக் குழாய் போடணும்னா முற்றத்தை முழுக்க உடைக்கணும்னான் மேஸ்திரி. இந்தக் குழாயையே திருப்பிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்னான். நீ அந்த வாரம் வேளாங்கண்ணி போயிருந்தே."

"பட்டறைத் தண்ணியும் அதுல வருமே சார்?"

"மேஸ்திரி கேட்டான். அதுக்கு முன்னாடியே நான் உன்னைக் கேட்டுட்டேன், மௌரீன். ஞாபகமில்லையா? கண்ணாடி தம்ளர்ல பிடிச்சு வெளிச்சத்துல காட்டினே. இதைச் செடிக்கே ஊத்தலாம் சார், அவ்வளவு சுத்தம்னே."

ஞாபகம் இருந்தது. ஜன்னலருகே தம்ளரைத் தூக்கிப் பிடித்ததும், சார் தலையாட்டிச் சிரித்ததும், அன்று முழுக்கத் தனக்கு இருந்த சந்தோஷமும் ஒன்று விடாமல் ஞாபகம் இருந்தது. அவர் எதற்காகக் கேட்கிறார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"எத்தனை வருஷம்?" என்றாள் மாமி.

"ஏழு."

மாமி எழுந்து பூஜை அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் முந்தின நாள் தீர்த்தம் மிச்சமிருந்த பாத்திரம். அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கூடத்தின் நடுவில் நின்றாள். தீர்த்தத்தைக் கால்படும் இடத்தில் ஊற்றக்கூடாது. செடியில் ஊற்றலாமா என்றால் அதற்கும் மனம் வரவில்லை. "இதை என்ன பண்றது?" என்று இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டாள். கடைசியில் மௌரீன் கீழே போய் மூடியோடு ஒரு பாட்டில் எடுத்துவந்தாள். பரிசோதனைக்கு அனுப்ப முதலில் பிடித்த தண்ணீர் அதுதான்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆறாம் நாள் ரக்ஷிதா என்ற பெண் போன் செய்தாள். அறிக்கையை மெயிலில் அனுப்பிவிட்டு விளக்கமும் சொன்னாள். மையின் தூளை மணலும் துணியும் ஓரளவு பிடிக்கும். ஆனால் சட்டத்திலிருந்து பழைய படத்தை அழிக்கப் போடும் ரசாயனம் தண்ணீரில் கரைந்துவிடும். அதற்கு நிறமும் கிடையாது. அதை இந்த வடிகட்டி பிடிக்கவே பிடிக்காது.

"நீலமா வந்தது உங்க அதிர்ஷ்டம் மேடம். இல்லாட்டி தெரிஞ்சே இருக்காது," என்றாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "அந்தக் கிணத்துக்குப் பக்கத்துல வேற யார் வீட்லயாவது போர்வெல் இருக்கா?"

மௌரீன் போனைப் பிடித்தபடியே சந்தின் இரு பக்கமும் பார்த்தாள். இடது பக்கம் மூன்று வீடுகள், எதிரே இரண்டு. ஐந்திலும் போர் இருந்தது.

மறுநாள் காலை அறிக்கையின் ஐந்து நகல்களோடு அவள் புறப்பட்டபோது, மாமியும் வெளியே போகிற புடவையில் இறங்கி வந்தாள். கூட நடந்தாள். முதல் வீட்டில் ஏதோ வசூலுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சில்லறை எடுக்கப் போனார்கள். இரண்டாம் வீட்டுக்காரி கேட்டுவிட்டு அப்படியே கதவைச் சாத்திக்கொண்டாள். நான்காம் வீடு மஞ்சுநாத்துடையது. இரட்டைக் குழந்தைகளை வைத்திருக்கும் வீடு. மௌரீன் கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்து நடுவில் தடுமாறினாள். மீதியை மாமி சொன்னாள்.

"எஷ்டு வர்ஷ?" என்றார் அவர்.

"ஏளு," என்றாள் மாமி.

அவர் உள்ளே போனார். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது. திரும்பி வந்து அறிக்கையை வாங்கி நிதானமாகப் படித்தார். "நான் கம்ப்ளெயின்ட் கொடுப்பேன் மேடம். தப்பா நினைக்காதீங்க," என்று தமிழிலேயே சொன்னார்.

"கொடுங்க," என்றாள் மௌரீன்.

கொடுத்தார். அதிகாரிகள் வந்தார்கள், பட்டறை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. இப்போது கழுவும் தண்ணீர் எந்தக் குழாய்க்கும் போவதில்லை. டிரம்களில் பிடித்து வைக்கிறாள். கழிவு எடுக்கும் வண்டி வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறது. குழியைத் தோண்டி எடுத்த கற்களும் அப்படித்தான் போயின. கிணறு மூடிக் கிடக்கிறது. ஐந்து வீட்டு போர்களில் ஒன்றில் மட்டும் கலந்திருந்தது, அதுவும் மஞ்சுநாத் வீட்டில். சாருக்கும் மாமிக்கும் அந்தக் குழந்தைகளுக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பெரிதாக எதுவும் இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

மாமி சாரோடு பேச வெகுநாள் ஆயிற்று. பட்டறைப் பக்கம் அவள் இப்போது வருவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் மௌரீனை மாடிக்குக் கூப்பிடுகிறாள். முதல் தடவை போனபோது காபி கொடுத்தாள். மௌரீன் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். நுரை அடங்கும்வரை வாயருகே கொண்டுபோக முடியவில்லை.

"காவேரிதான். குடி," என்றாள் மாமி.