வாசலுக்கு வாசல் நாற்காலி

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். ஒருநாள் சிக்னலில் நின்றிருந்தபோது, பக்கத்து இருக்கையில் இருந்த அவளுக்கு வலிப்பு வந்தது. வண்டியோட்டிய மாணவி பதறாமல் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு உதவிக்கு ஆளைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இண்டிகேட்டர் போட்டாளா?"

அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவளும் கணவரும் குடியிருந்த வாடகை வீடு நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. நடைபாதை என்று ஒன்று கிடையாது. ஒரு நூல்கண்டு வாங்க வேண்டுமென்றாலும் காரில்தான் போகவேண்டும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் போனால் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டிருப்பார். ஆகவே அவளுடைய தம்பிதான் வண்டியோடு வருவான். பேச்சில் சத்தம் அதிகம் என்பதால் அவனுக்கு வீட்டில் 'ஹாரன்' என்று பெயர்.

"கூச்சப்படாதக்கா. எங்க போகணும்னாலும் ஒரு ஃபோன் போடு, பறந்து வரேன்" என்பான். பறந்தும் வருவான். அன்புக்கு அவளுக்குக் குறையே இல்லை. ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியிருந்ததுதான் அவளை அழுத்தியது.

எனவே வீடு வாங்கலாம் என்று முடிவானபோது, அவள் வைத்தது ஒரே நிபந்தனை: எல்லாவற்றுக்கும் தனியாக நடந்து போய்வர வேண்டும்.

ஹாரன் ஒரு வீட்டைக் காட்டினான். ஊருக்கு வெளியே, புது மனைகளுக்கு நடுவில், பெரிய பெரிய அறைகள். "ரெண்டு கார் நிறுத்தலாம்க்கா!"

"எனக்கெதுக்குடா? நிறுத்திவச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கவா?"

அவளுக்குப் பிடித்தது மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில் இருந்த பழைய வீடு. இருபுறமும் அகலமான நடைபாதை. தெருக்கோடியில் ரொட்டிக்கடை, திரும்பினால் மருந்துக்கடை, நூலகம், பிரார்த்தனைக் கூடம். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நின்றுதான் பேச வேண்டும். "இந்த இலையைப் பெருக்கவே ஒரு ஆள் போடணும்" என்று ஹாரன் முணுமுணுத்தான்.

பிடித்த வீடுகள் இதற்கு முன்னும் கைநழுவிப் போயிருந்தன. அந்தத் தெருவிலேயே இரண்டு வீடுகள், இவர்கள் யோசித்து முடிப்பதற்குள் வேறு ஆளுக்குப் போய்விட்டன. அதனால் கணவர் தரகரைக்கூடக் கேட்காமல், வீட்டுக்காரம்மாவுக்கு நேரே ஃபோன் செய்தார். அந்தம்மா ஒரு பல் டாக்டர். மகளோடு போய் இருக்கப்போவதால் வீட்டை விற்கிறார். லிஃப்ட் குழிக்குள் நின்று பேசியதால் கணவருடைய குரல் பாதி எதிரொலித்தது, பாதி விட்டுவிட்டுப் போனது.

"என் சம்சாரத்துக்கு நடக்கணும்ங்க. ரொம்ப நாளா நடக்கவே இல்ல. உங்க வீட்லயாவது நடக்கணும். அது ஒண்ணுதான் எங்க வேண்டுதல்."

"கவலைப்படாதீங்க. கண்டிப்பா நடக்கும். நாங்கல்லாம் இருக்கோம். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

'நாங்கல்லாம்' என்று ஏன் சொன்னார் என்று கணவர் யோசித்தார். ஆனால் 'கண்டிப்பா நடக்கும்' என்ற சொல்லே அவருக்குப் போதுமாக இருந்தது.

உண்மையில் அவர் மனதில் வேறொரு பயம் இருந்தது. அவளுக்கும் அதே பயம்தான், சொல்லிக்கொள்ளவில்லை. வலிப்பு வருவதற்கு முன் அவள் நாக்கில் துரு ருசி தட்டும். மருந்து ஒத்துக்கொண்ட பிறகு பெரிதாக எதுவும் வருவதில்லை. உடனே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டால் கடந்துபோய்விடும். ஆனால் தெரியாத தெருவில், தனியாக, உட்கார இடமில்லாமல் நிற்கும்போது வந்தால்? அப்படி நேர்ந்தால் இந்த மரமும் நடைபாதையும் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு வாசலில் இறங்கியதும் அவள், "நான் மட்டும் ரொட்டிக்கடை வரைக்கும் போய்ட்டு வரேன். யாரும் பின்னால வரக்கூடாது. கண்ணாடியில பார்த்துக்கிட்டே இருப்பேன்" என்றாள்.

"எந்தக் கண்ணாடியில?" என்று ஹாரன் கேட்பதற்குள் அவள் கிளம்பிவிட்டாள்.

தெரு அவளுக்கு விநோதமாக இருந்தது. வாசலுக்கு வாசல் ஒரு நாற்காலி. ஒரு வீட்டில் பிளாஸ்டிக், அடுத்த வீட்டில் பிரம்பு. ஒரு வாசலில் மெத்தை கட்டிய சமையலறை ஸ்டூல். ஒரு மனிதர் முகத்தில் பாதிச் சவரநுரையோடு ஓடிவந்தார். "உட்காருங்கம்மா, அவசரமே இல்ல."

"இல்லீங்க, பரவாயில்ல" என்று அவள் வேகமாகக் கடந்தாள். அவர் முகம் வாடிவிட்டது.

ரொட்டிக்கடையில் இருந்தவள், "அவங்க பின்னால வர்றாங்களா?" என்று எட்டிப் பார்த்தாள்.

"யாரு?"

"நடக்க முடியாதவங்க."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சூடான ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினாள். பாதி வழியில், மரநிழல் வெயிலோடு தரையில் அசைந்துகொண்டிருந்த இடத்தில், நாக்கில் துரு தட்டியது.

கை நீட்டும் தூரத்தில் அந்த மெத்தை ஸ்டூல் இருந்தது.

உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. ரொட்டிப்பை நழுவியபோது ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. இன்னொரு கை அவள் தோளில் லேசாகப் படிந்து, அப்படியே இருந்தது. வந்தவள் என்ன, ஏது என்று கேட்கவில்லை. எல்லாம் கடந்து அவள் கண் திறந்தபோதுதான், "ஸ்டூலை இன்னும் கொஞ்சம் நிழலுக்குத் தள்ளட்டுமா?" என்றாள். வாய் ஓரத்தில் இரண்டு குண்டூசிகள். தையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"வேண்டாம்மா. இதுவே போதும்."

"வீட்ல யாரையாவது கூப்பிடவா?"

அவள் ரொட்டிப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "வேண்டாம். நானே நடந்து போயிடுவேன்."

சொன்னதும் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. நெஞ்சில் இத்தனை நாள் பிடித்திருந்த ஏதோ ஒன்று, கைப்பிரேக்கைத் தளர்த்தியதுபோல விட்டுப்போயிற்று.

"அதோ, அக்கா வர்றா" என்று ஹாரன் கைகாட்ட, அவள் நடந்து வருவதைப் பார்த்த பல் டாக்டர் வாயைப் பிளந்தார். சக்கர நாற்காலி ஏறட்டும் என்று வாசல் படியில் அப்போதுதான் இரண்டு பலகைகளைச் சரிவாகப் போட்டு முடித்து, அதன் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"நீங்க நல்லாத்தானே நடக்கறீங்க!"

"ஏன், நடக்கக் கூடாதா?"

"உங்க வீட்டுக்காரர்தானே, ரொம்ப நாளா நடக்கவே இல்ல, எங்க வீட்லயாவது நடக்கணும்னு ஃபோன்ல கலங்கினார்! நான் தெரு முழுக்கச் சொல்லி நாற்காலி போடவச்சேன்!"

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, நான் சொன்னது வீடு வாங்கறது நடக்கணும்னுங்க!"

ஹாரன் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த பறவைகள் எழுந்து பறந்தன. டாக்டரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவள் மட்டும் சிரிப்பினூடே கணவரின் கையைப் பிடித்து, வழியில் நடந்ததைச் சொன்னாள். அவர் அந்தத் தெருவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். தப்பாகக் கேட்ட ஒரு காதும், சொன்னதும் நாற்காலியைத் தூக்கிவந்த கைகளும் சேர்ந்தால் கடவுளுக்கு வேறென்ன வேண்டும்? உதடு மட்டும் அசைய அவர் நன்றி சொன்னார்.

"அப்போ, நடக்குமா டாக்டர்?" என்றார் மெதுவாக.

"அதான் நடந்து காட்டிட்டாங்களே. வேற யாருக்கும் தர்றதா இல்ல" என்றார் டாக்டர். "சரி, நாற்காலியையெல்லாம் எடுத்துடச் சொல்றேன். பாவம், காலையிலேர்ந்து போட்டுவச்சிருக்காங்க."

"எடுக்கட்டும் டாக்டர். அந்த ஸ்டூலை மட்டும் விடச் சொல்லுங்க" என்றாள் அவள்.

குடிவந்த முதல் வாரம் ஹாரன் கார்ச்சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தான். "எங்கக்கா போகணும்?"

"நூலகத்துக்கு. வண்டியை இங்கயே விடு. வா, நடக்கலாம்."

முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தான். மூன்றாவது வீடு தாண்டுவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. தையல்காரி வாசலில் அந்த ஸ்டூல் இன்னும் இருந்தது. அவன் பொத்தென்று அதில் உட்கார்ந்துவிட்டான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஓ, நடக்க முடியாதவர் இவர்தானா?"