இடி யார் தலையில் விழுகிறது?

எங்கள் நாடகக் குழுவில் எனக்குத் தகரம் என்று பெயர். ஆளுயரத் தகரத் தகட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, அடிப்பக்கத்தைப் பிடித்து உலுக்கினால் இடி இடிக்கும். பத்து வருஷமாக இடி, மழை, கதவு தட்டும் சத்தம் எல்லாம் என் கையில்தான். வாயும் கொஞ்சம் தகரம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இந்த முறை நாடகம் நிறவெறியைப் பற்றியது. கறுப்பாக இருப்பதால் வாடகைக்கு வீடு கிடைக்காத ஒருவனின் கதை. அந்த வேஷம் என் தம்பிக்கு. நாங்கள் இருவரும் அடுப்புக்கரியோடு கூடப் பிறந்தவர்கள் என்று அம்மாவே கிண்டல் செய்வாள். அதனால் மைச் செலவு மிச்சம். எழுதி இயக்கியவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடுதான் எனக்கு எப்போதும் தகராறு.

தம்பி மேடையில் நுழையும் ஒன்பது தடவையும் இடி இடிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்.

"எதுக்கு சார்?"

"குறியீடும்மா. அவன் வந்தாலே இந்தச் சமூகம் அதிருது. அதைத்தான் இடி சொல்லுது."

"பாக்கறவங்களுக்கு ஏதோ பூதம் வருதுன்னுல்ல தோணும்?"

"நீ தகரத்தை ஆட்டு. அர்த்தத்தை நான் பாத்துக்கறேன்."

ஆட்டினேன். பத்து நாள் ஒத்திகையிலும் ஆட்டினேன். தம்பியின் மகள் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பாள். ஐந்து வயது, சரியான வாயாடி.

நாடகத்தன்று மதியம் தம்பி தொங்கிய முகத்தோடு வந்து நின்றான்.

"அக்கா, நேத்து வேலை முடிஞ்சு போய்க் கதவைத் தட்டினேன். பாப்பா யாருன்னு கேட்டா. அப்பான்னேன். ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உள்ள ஓடிட்டா. அப்பா வந்தா இடி வரும்ங்கறா. தூக்கப் போனாலும் கிட்ட வரமாட்டேங்கறா. இன்னிக்கு மட்டும் நடிச்சுட்டு விட்டுடறேன். எனக்கு அவதான் முக்கியம்."

வெளியே எங்களைப் பார்த்து எத்தனையோ பேர் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். பெற்ற மகளையே ஒதுங்க வைத்தது என் தகரம். நேராக டைரக்டரிடம் போனேன்.

"சார், இடி விழுந்துச்சுன்னா யார் தலையிலன்னுதானே கேப்போம்? வீடு இல்லன்னு சொன்னதும் இவன் தலையிலதான் விழுது. இடியை அங்க வைங்க."

"கடைசி நேரத்துல எதையும் மாத்த முடியாதும்மா" என்று நழுவிவிட்டார்.

சரி, கை என்னுடையதுதானே?

சாயங்காலம் வானம் மூட்டம் போட்டிருந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். அவர் தலைக்கு மேல் 'வீடு வாடகைக்கு' பலகை. தம்பி நுழைந்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எதிர்ப்பக்கத் திரை மறைவிலிருந்து டைரக்டர் கொசு விரட்டுவதுபோல் இரண்டு கையையும் வீசினார். முதல் வரிசையில் வாயாடி காதைப் பொத்திக்கொண்டு தயாராக இருந்தாள்.

அப்போது பார்த்து, டமார்! நிஜ இடி. கூரையே ஆடிவிட்டது.

பாழாய்ப்போன வானமே, உனக்கு நேரங்காலம் தெரியாதா! டைரக்டரோ மேலே பார்த்துக் கும்பிட்டார்.

தம்பி அசையவில்லை. அண்ணாந்து பார்த்தான். பிறகு வீட்டுக்காரரிடம் நிதானமாகச் சொன்னான்: "பயந்துடாதீங்க சார். அது நான் இல்ல, மழை. நான் வீடு பாக்க வந்தவன்."

அரங்கமே சிரித்தது. வாயாடியும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த சிரிப்பில் கை காதை விட்டு இறங்கிவிட்டது.

வீட்டுக்காரர் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "இப்பதான் ஒருத்தருக்குக் குடுத்தாச்சு" என்றார்.

உலுக்கினேன் பாருங்கள், பத்து வருஷத்தில் அப்படி உலுக்கியதில்லை. தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். சத்தம் அடங்கியதும் முதல் வரிசையிலிருந்து ஒரு அலறல்.

"ஐயோ! எங்கப்பா தலையில இடி விழுந்துடுச்சு!"

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. டைரக்டரின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

நாடகம் முடிந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். "ஒரு இடத்துல மாத்தணும்மா."

"ஒரு இடமா? ஒன்பது இடம் சார்!"

பெண்கள் ஒப்பனை அறையில் புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். வாயாடி என் கூடவே வந்து மேக்கப் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். அந்த அறையின் தாழ்ப்பாள் துருப்பிடித்தது. பெரியவர்களே மல்லுக்கட்ட வேண்டும். யாரோ கதவைத் தட்டினார்கள்.

"யாரு?" என்றாள்.

"அப்பா."

அவளுடைய இரண்டு கையும் மேலே எழுந்தன.

கைகள் காதுக்குப் போகவில்லை. எக்கி நின்று, தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"இருப்பா, ஓடிடாத! தொறக்கறேன்!"