ஒன்பதாம் இலக்க மீன்

டென்மார்க் குளத்துக் கெத்த மீனைப் பிடித்துவைக்க ஒரு முறை இருக்கிறது. ஒரு கை செவுளுக்குக் கீழே, மறு கை வயிற்றுக்குக் கீழே, கண்ணுக்கு மேல் ஈரத்துணி. இறுக்கவும் கூடாது, விடவும் கூடாது. அப்படிப் பிடித்தால், வாத்துச் சொண்டு போன்ற வாயும் வாய் நிறையப் பல்லுமாக ஒரு மீற்றருக்கு மேல் நீண்ட அந்தப் பிராணி குழந்தை மாதிரிக் கிடக்கும். முதல் மீனை நான் அப்படிப் பிடித்தபோது, "அடங்கிவிட்டது என்று நினைக்காதே, அது காத்திருக்கிறது" என்றார் எஸ்பென்.

எஸ்பென் எங்கள் கொம்யூனில், அதாவது நகராட்சியில், குளங்களுக்குப் பொறுப்பானவர். நான் அவருக்குக் கீழே ஒப்பந்தத்தில் வேலைசெய்யும் உயிரியல் பட்டதாரி. ஒப்பந்தம் டிசம்பரில் முடியும். எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இதை நான் பெருமைக்குச் சொல்வதில்லை. ஞாயிறு ஜெபச் சபையில் அப்பா சொல்லிச் சொல்லியே அது எனக்குக் கசந்துவிட்டது.

இருபது வருடமாகக் கொம்யூன் ஒவ்வொரு வசந்தத்திலும் விரல் நீளக் கெத்தக் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் வாங்கிக் குளத்தில் விட்டது. அதைப் படம் பிடித்துப் பத்திரிகையில் போட்டார்கள். ஜூனில் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது. ஒன்றையொன்று தின்றுவிடும், மிச்சத்தைப் பெரியவை தின்றுவிடும். பெரிய மீன் வேண்டுமென்றால் குஞ்சு விடுவதை நிறுத்துங்கள், நாணல் வேருக்குத் தண்ணீர் ஏற விடுங்கள், பெரிய பெண் மீன்களில் கைவைக்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்தேன். எழுபத்தைந்து சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட எதையும் திரும்பக் குளத்தில் விடவேண்டும் என்று பரீட்சார்த்தமாக ஒரு சட்டம் வந்தது. அதை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று நவம்பர் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். என் வேலை நீள்வதும் அந்த முடிவில்தான் இருந்தது. பதினேழு பெரிய மீன்களின் வயிற்றில் ஒலிபரப்பி வைத்துத் தைத்தோம். எங்கே போகின்றன, உயிரோடு இருக்கின்றனவா என்று தெரியவேண்டுமே. நான் தனியாகத் தைத்த முதல் வயிறு ஒன்பதாம் இலக்கத்தினுடையது. நூற்றுப் பன்னிரண்டு சென்ரிமீற்றர்.

மார்ச் மாதக் கூட்டத்தில் தூண்டில் சங்கத் தலைவர் வீகோ எழும்பி, சட்டம் நல்லதுதான், ஆனால் பிடித்ததையெல்லாம் சட்டிக்குக் கொண்டுபோகும் சில குழுக்களையும் யோசிக்கவேண்டும் என்றார். மண்டபத்தில் இருந்த அறுபது பேரும் திரையில் இருந்த மீனைப் பார்க்கவில்லை, அங்கே ஒரே தமிழ் முகமான என்னைப் பார்த்தார்கள். எந்தக் குழு, என்ன ஆதாரம் என்று கேட்டேன். அவரிடம் இல்லை. ஆதாரத்தோடு வாருங்கள், இல்லையென்றால் வாயை மூடுங்கள் என்றேன். டென்மார்க்கில் யாரும் கூட்டத்தில் அப்படிக் கதைப்பதில்லை. அதைக் கூட்டக் குறிப்பிலும் எழுதி வைத்தார்கள்.

பிராண்டேயில் அம்மா அப்பாவோடு, வீட்டின் கீழறையில் இருக்கிறேன். தற்காலிக வேலையில் இருப்பவளுக்கு யாரும் வீடு தருவதில்லை. அப்பா ஜெபரட்ணம் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம். பெந்தெகொஸ்தே சபையில் முன்வரிசை. எனக்கு வேலை கிடைத்தால் என் முதல் சம்பளத்தை முதற்பலனாகப் பீடத்தில் வைப்பதாகப் பொருத்தனை செய்திருந்தார், என்னைக் கேட்காமல். வேலை செய்தது நான், ஆண்டவர் இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டேன். அம்மா அழுதாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் ஒன்றுமே சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் திடீரென்று வாய் திறந்து, உன்ர பெரிய மீன் எந்தப் பக்கம் கிடக்கும் என்று கேட்டார். எனக்கு அவ்வளவு சந்தோசம். கை துடைக்கும் கடதாசியில் குளத்தைக் கீறி, நாணல் மூலையையும் மூழ்கிக் கிடக்கும் மரத்தையும் காட்டினேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்ததைப் பார்த்தேன். அதையும் பாசம் என்றுதான் நினைத்தேன்.

ஒக்ரோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, படகில் குளத்தைச் சுற்றியபோது பதினாறு மீன்களின் சத்தம் கேட்டது. ஒன்பது இல்லை. செத்தாலும் ஒலிபரப்பி கத்திக்கொண்டுதான் இருக்கும். அப்படியென்றால் மீன் இரண்டு காலில் குளத்தைவிட்டுப் போயிருக்கிறது என்றார் எஸ்பென். வீகோவின் ஆட்கள்தான் என்று நான் உடனே சொன்னேன், ருசித்துச் சொன்னேன். சங்கத்துக்காரர் குடியிருக்கும் ஊர்த்தெருக்களில் அன்ரெனாவைக் கூரையில் பொருத்திக்கொண்டு இரண்டு மணித்தியாலம் ஓடினோம். ஒரு சத்தமும் இல்லை.

பசித்தது. பிராண்டே பெற்றோல் நிலையத்தில் சொசேஜ் வாங்க நிறுத்தினோம். கருவியை அணைக்க மறந்துவிட்டேன். எஸ்பென் கடுகு பூசிக்கொண்டிருந்தபோது அது டிக் என்றது.

அதன் பிறகு நான் ஓட்டினேன், அவர் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வழி சொன்னார். இடம் என்றார், இடம் திரும்பினேன். நேரே என்றார். என் பள்ளிக்கூட பஸ் போன அதே வழி. கண்ணாடி மூடிய காருக்குள் வெங்காயப் பொரியல் மணம். வலப்பக்கம் வெட்டித் திருப்பி, சத்தம் தேய்ந்ததும், சிக்னல் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். யோசித்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சத்தம் தேய்ந்தால் இந்த மனிசனுக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஏழு தமிழ் வீடு. பஸ்தியாம்பிள்ளை மாமா வீடாக இருக்கவேண்டும் என்று ஜெபித்தேன். ஜெபிக்காத நான், இன்னொரு தமிழன் தலையில் விழட்டும் என்று ஜெபித்தேன். மாமாவின் வாசலைக் கடந்தபோதும் சத்தம் ஏறிக்கொண்டே போனது.

எஞ்சினை நிறுத்தினேன். எஸ்பென் தபால்பெட்டியில் இருந்த பெயரை வாசித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"இது என் வீடு" என்றேன்.

அப்பா காலை வேலை முடிந்து கராஜில் நின்றார். மீன் ஃப்ரீசருக்குள் அடங்காத நீளம் என்பதால் சீமெந்து குழைக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் ஐஸ் கொட்டி, மேலே ஈரச்சாக்குப் போட்டு வைத்திருந்தார். வயிறு கீறவில்லை. காணிக்கை முழுசாக இருக்கவேண்டும். நான் தைத்த தையலுக்குப் பக்கத்தால் நீட்டிக்கொண்டிருந்த அன்ரெனாக் கம்பியை யாருடையதோ அறுந்த தூண்டில் கம்பி என்று நினைத்து அழகாகச் சுருட்டி விட்டிருந்தார்.

எஸ்பெனுக்கு டேனிஷில் கோப்பி வேண்டுமா என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஞாயிற்றுக்கிழமை சபையில காட்டுவம் எண்டு இருந்தன். கெடுத்துப்போட்டாய்."

"அப்பா, குளத்தடியில போர்ட் போட்டிருக்கெல்லே. தமிழிலையும் நான்தானே எழுதினனான்."

"ஓம், வாசிச்சனான். நல்ல தமிழ்."

"பிறகேன் பிடிச்சனீங்கள்?"

"அது ஊராக்களுக்கு எழுதினது. என்ர பிள்ளை வளர்த்த மீனுக்கு நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?" சாக்கை மெல்ல விலக்கினார். "சம்பளம் தரமாட்டன் எண்டாய். சரி, விட்டன். உன்ர வேலையின்ர பலன் காசோ, மீனோ? மூண்டு பின்னேரம் குளிருக்குள்ள நிண்டனான். சின்னன் ரெண்டு பட்டது, விட்டிட்டன். சின்னனைக் கொண்டுபோய் ஆண்டவருக்கு முன்னால வைக்கேலாது."

நான் என்ன வேலை செய்கிறேன் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்காது என்று ஆறு மாதமாகக் கத்தியவள் நான். அந்த மனிசனுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. பெரியது எவ்வளவு பெறுமதி என்று வீகோவைவிட நன்றாக விளங்கியிருக்கிறது.

எஸ்பென் நாடாவால் அளந்தார். நூற்றுப் பதினான்கு. இரண்டு சென்ரிமீற்றர் வளர்ந்திருக்கிறது. படிவத்தை என்னிடம் தந்து, குரலைத் தாழ்த்தி, 'எடுத்தவர்' என்ற கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதலாம், தான் கையெழுத்துப் போடுகிறேன், வீகோ அறியவேண்டியதில்லை என்றார். நல்ல மனிசன். அந்த நிமிடத்தில் அவரை வெறுத்த அளவுக்கு நான் யாரையும் வெறுத்ததில்லை. தெரியாது என்று எழுதினால், எங்களுக்குத் தெரியும் யாரென்று என இன்னும் இருபது வருடம் வீகோ சொல்வார். பெயரை எழுதினால் நான் அவரிடம் கேட்ட ஆதாரம் என் கையெழுத்திலேயே இருக்கும். எழுதாவிட்டால், டிசம்பருக்குப் பிறகும் எஸ்பெனின் முகத்தைப் பார்த்து நன்றி நன்றி என்று வாழவும் வேண்டும்.

பெயரை எழுதினேன். விலாசத்துக்கு என் விலாசத்தை எழுதினேன்.

அப்பா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இருபத்தாறு வருட டேனிஷ், விளங்காமல் இருக்குமா.

"பிள்ளை நல்லா எழுதுது. நான் படிப்பிச்ச கையெல்லே" என்றார்.

மீனைப் பையில் போட்டுக்கொண்டு எஸ்பென் காரில் போய்விட்டார். மிச்ச நாளுக்கு லீவு எடுத்துக்கொள் என்றார். கராஜில் நானும் அப்பாவும் கரையும் ஐஸும். சனிக்கிழமை எஸ்பென் தொலைபேசியில், அப்பாவுக்குத் தண்டம் வரும், நவம்பர் கூட்டத்தில் நான் கதைப்பது சரிவராது, வேறொருவர் கதைப்பார் என்றார். என் ஒப்பந்தம் பற்றி அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை அம்மா என் உடுப்பை மினுக்கிக் கட்டிலில் வைத்திருந்தாள். அப்பா காரில் ஏறி இருந்தார், ஹோர்ன் அடிக்கவில்லை. போகாமல் கீழறையில் கிடந்திருக்கலாம். ஆனால் பெயரை எழுதியவள் நான், அவரைத் தனியாக அங்கே நிறுத்த என்னால் முடியவில்லை.

அறுவடை நன்றி ஆராதனை. முன்மேசையில் பூசணி, லீக்ஸ், மேரிசெலின் அக்காவின் கண்ணாடிக் கூடாரத்து மிளகாய், பஸ்தியாம்பிள்ளை மாமாவின் தேன். பெரிய மீன் ஒன்று வருகிறது என்று அப்பா சபை முழுக்க முன்பே சொல்லிவைத்திருந்தார். பாஸ்டர் எங்கள் குடும்பத்தைக் கூப்பிட்டபோது எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். அப்பா வெறுங்கையோடு எழும்பினார். எழும்பி என் முழங்கையைப் பிடித்தார்.

நடந்தோம். அறுபது பேர் இருப்பார்கள். மார்ச் மாதத்து மண்டபத்திலும் அவ்வளவு பேர்தான்.

"மீனைக் கொம்யூன் கொண்டுபோயிட்டுது பாஸ்டர்" என்றார் அப்பா. "வளர்த்தவளைக் கொண்டுவந்திருக்கிறன்."

சிரித்தார்கள், கைதட்டினார்கள், அல்லேலூயா சொன்னார்கள். பூசணிக்கும் லீக்ஸுக்கும் நடுவில் என்னை நிறுத்தினார். ஒரு கை முழங்கைக்குக் கீழே, மறு கை முதுகில். இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. பாஸ்டரின் உள்ளங்கை வியர்வையோடு என் நெற்றியில் இறங்கி, கண்ணை மூடியது.

நான் அசையவில்லை.

"பிள்ளை அடங்கிட்டாள், ஸ்தோத்திரம்" என்று பின்னால் அம்மா சொல்வது கேட்டது.