வாசலில் எடுத்த அளவு

லிஃப்டுக்கு எதிரே, கூரையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தட்டுக்கு நேர் கீழே வந்து நின்று, கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தான் டவர். நான்கு சிக்னல் கோடுகளும் இருந்தன. மணி மூன்றாக இரண்டு நிமிடம். அண்ணன் மூன்று மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான்.

டவர் என்பது அப்பா வைத்த பெயர். கட்டடங்களுக்குள் கைபேசிச் சிக்னல் கிடைக்கும்படி ஆண்டெனா மாட்டும் வேலைக்கு அவன் போன நாளிலிருந்து அவர் வேறு பெயர் சொல்லி அவனைக் கூப்பிட்டதில்லை. முப்பது வருஷம் பேருந்து ஓட்டிய மனுஷன். யாரையும் சும்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. மருத்துவமனையின் இந்த மாடியில் இருக்கும் பதினொரு வெள்ளைத் தட்டுகளும் ஆண்டெனாக்கள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏணி போட்டு மாட்டியவன் டவர். அப்பாவை இங்கே சேர்த்த அன்று அதைப் பெருமையாகச் சொல்ல வாயெடுத்தவன், அப்படியே அடக்கிக்கொண்டான். படுக்கை கிடைத்தது ஏழாம் அறையில்.

ஏழாம் அறையைப் பற்றி அவனுக்கு மட்டும் ஒன்று தெரியும். ஆண்டெனா மாட்டி முடிந்ததும் ஒவ்வொரு அறைக்குள்ளும் போய், மீட்டரைப் பிடித்து, சிக்னல் எவ்வளவு என்று எழுத வேண்டும். அன்றைக்கு ஏழில் யாரோ ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தார். பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். "உள்ள வாங்க தம்பி, பரவால்ல," என்றார். "இருக்கட்டும்மா," என்று சொல்லி வாசலிலேயே மீட்டரைக் காட்டி, வந்த அளவை எழுதி, 'அறை ஏழு, சரி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். மரியாதைக்குச் செய்தது என்றுதான் நினைத்திருந்தான். மூன்று நாளைக்கு முன்னால் அப்பாவின் கால்மாட்டில் நின்று கைபேசியைப் பார்த்தபோது ஒரு கோடுகூட இல்லை. பக்கத்தில் எக்ஸ்ரே அறை. ஈயத்தகடு வைத்த சுவர். கிடைக்காதுதான். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் கைபேசியை வெளியே எடுக்கவே அவனுக்கு மனசு வரவில்லை.

அண்ணனும் அப்பாவும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. அம்மா போனபோது அண்ணன் கப்பல் வேலையில், கடலில் இருந்தான். எல்லாம் முடிந்து பதினெட்டாம் நாள் வந்து நின்றவனைப் பார்த்து, "யாரு வேணும்?" என்று கேட்டார் அப்பா. அவன் பெட்டியைக்கூட இறக்காமல் வந்த வழியே திரும்பிவிட்டான். இன்றைக்குக் கப்பல் ஏதோ துறைமுகத்தில் நிற்கிறது. டாக்டர் கையை விரித்த பிறகு, டவர் கெஞ்சிக் கூத்தாடி அண்ணனைச் சம்மதிக்க வைத்திருந்தான். "அப்பா நம்பருக்கு அடிக்காத, உள்ள எடுக்காது. எனக்கு அடி. நீ பேசுறதப் பதிவு பண்ணி அவர் காதுல வைக்கிறேன்." இதுதான் ஏற்பாடு.

அப்பாவிடமும் சொன்னான். அவர் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, "இங்கயே இரேன்டா," என்றார்.

"பத்து நிமிஷம்ப்பா," என்று வந்துவிட்டான். அவருடைய பழைய பட்டன் போன் வழக்கம்போலத் தலையணை ஓரத்தில் கிடந்தது. மணி பார்க்கத்தான் லாயக்கு என்று அவன் தினமும் கேலி செய்த போன்.

மூன்று ஆனது. மூன்று ஐந்தும் ஆனது. இவனே அடித்துப் பார்த்தான். வேறு அழைப்பில் இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. இந்த நேரம் பார்த்து யாரோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்று பல்லைக் கடித்தான். மூன்று எட்டுக்கு மணி அடித்தது.

"எங்கண்ணே போன? பேசு, பதிவு ஓடுது."

"பேசிட்டேன்டா." அண்ணனின் குரல் கம்மியிருந்தது.

"யாருகிட்ட?"

"அப்பாகிட்ட. மனசு கேக்கல, அவர் நம்பருக்கே அடிச்சுப் பாத்தேன். எடுத்துட்டாரு."

டவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டதாக நினைத்தான். அண்ணனுக்கு இது சின்ன வயசிலிருந்தே கைவந்த கலை. பள்ளிக்கூடத்து வாசலைத் தொடாமலே பரீட்சை எழுதிவிட்டேன் என்று சொன்னவன்தானே.

"புளுகாத. அந்த ரூம்ல சிக்னலே கிடையாது."

"டேய், சத்தியமா..."

"எனக்குத் தெரியாதா? நான் மாட்டினது. பேசப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போ."

"சொல்றதக் கேளு. உன்னத்தான் கேட்டாரு. டவரு வெளிய நிக்கிறான், உள்ள வரச் சொல்லுன்னாரு. அதுக்குத்தான் அடிச்சேன். போடா முதல்ல."

"அவரால நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேச முடியாது, தெரியுமா உனக்கு?"

"நாலு வார்த்தைதான்டா பேசினாரு. மத்ததெல்லாம் நான்தான் பேசினேன்."

டவர் விடவில்லை. ஈயத்தகட்டைச் சொன்னான், கால்மாட்டில் நின்று பார்த்ததைச் சொன்னான், ஆறு வருஷத்தையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டினான். அண்ணன் எல்லாவற்றுக்கும், "சரிடா, நான் பொய்தான் சொல்றேன், நீ உள்ள போ," என்றே சொல்லிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் அப்படி மல்லுக்கு நின்றான் என்று தெரியவில்லை. நடைவழியின் அந்தக் கோடியிலிருந்து சிஸ்டர் வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார்.

"சார், அப்பா போயிட்டாரு. இப்பதான்."

அறையில் மாஸ்க்கைக் கழற்றியிருந்தார்கள். அப்பாவின் கன்னத்தில் அதன் தடம் பதிந்திருந்தது. பட்டன் போன் மேசைமேல் இருந்தது.

"காதோட அணைச்சுப் பிடிச்சிருந்தாரு. நான்தான் எடுத்து வெச்சேன்," என்று சொல்லிவிட்டு சிஸ்டர் வெளியே போனார்.

டவர் அதை எடுத்துப் பொத்தானை அமுக்கினான். கடைசியாக வந்த அழைப்பு, மூன்று மணி ஒரு நிமிடம். பேசிய நேரம், ஆறு நிமிடம் பத்து விநாடி.

கொஞ்ச நேரம் அந்த எண்களையே பார்த்தான். பிறகு தன் கைபேசியை எடுத்து, மூன்று நாளாக நின்ற அதே கால்மாட்டில் பிடித்தான். ஒன்றுமில்லை. அப்பாவின் முழங்கால் பக்கம் கொண்டுபோனான். ஒன்றுமில்லை. தலைமாட்டுக்குப் போய்த் தலையணை ஓரத்தில் வைத்தான். மூன்று கோடுகள் வந்தன. ஒரு சாண் தள்ளி வைத்தான், போயிற்று. திரும்ப வைத்தான், வந்தது. தலைமாட்டில் இருந்தது வெறும் செங்கல் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பின்பக்கத்து நடைவழி. அங்கேயும் ஒரு வெள்ளைத் தட்டு உண்டு. அதை மாட்டியவனும் அவன்தான்.

'அறை ஏழு, சரி' என்று எழுதிக் கொடுத்தது பொய் இல்லை என்று ஆகிவிட்டது. அது நல்லதா கெட்டதா என்றே அவனுக்குப் புரியவில்லை. அண்ணன் பொய் சொல்லவில்லை. அப்பா கூப்பிட்டிருக்கிறார். முப்பது அடி தூரத்தில் நின்று, கூப்பிட்டிருக்கவே முடியாது என்று அவன் நிரூபித்துக்கொண்டிருந்திருக்கிறான். அழுகை வரும் என்று பார்த்தான், வரவில்லை.

தலையணைமேல் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. அண்ணனிடமிருந்து செய்தி.

'உள்ள போயிட்டியா?'

வாசலில் நிழல் ஆடியது. சிஸ்டர் கையில் ஒரு படிவத்தோடு நின்றார். அவனையும் படுக்கையையும் பார்த்துவிட்டு, நிலைப்படிக்கு வெளியே ஒதுங்கிக்கொண்டார்.

"நேரம் எழுதி ஒரு கையெழுத்து வேணும் சார். அவசரமில்ல, நான் இங்கயே நிக்கிறேன்."

"உள்ள வாங்க சிஸ்டர்," என்றான் டவர், தலைமாட்டை விட்டு நகராமல்.