வேனில் உட்கார்ந்தவர்

அண்ணன் நாற்காலி மேல் ஏறி விளக்கு மாட்டப் போய், விளக்கும் உடைந்தது, காலும் உடைந்தது. அதனால்தான் அண்ணியும் நாத்தனாரும் ஒரே அணியில் சேர வேண்டி வந்தது. வேறு எந்தக் காரணத்துக்காகவும் அந்த இரண்டு பேரும் மூன்று நாள் ஒன்றாக வெளியூர் போயிருக்க மாட்டார்கள்.

பெரிய சண்டை என்று எதுவும் கிடையாது. அண்ணி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். மாற்று மூட்டு வைத்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் கெஞ்சியும் மிரட்டியும் நடக்க வைப்பவள். வீட்டிலும் அதே குரல்தான். நாத்தனார் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறாள். மற்றவர் கண்ணில் படாத பிழை அவள் கண்ணில் முள்ளாகக் குத்தும். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனாலும் அவளுக்குச் சோறு இறங்காது என்று அண்ணன் அவளைப் 'புள்ளி' என்றே கூப்பிடுவான். அண்ணி பேசினால் புள்ளிக்கு அதட்டுகிற மாதிரி இருக்கும். புள்ளி பேசினால் அண்ணிக்குக் குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கும். நடுவில் அண்ணன், இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம்.

போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தது அண்ணனும் அண்ணியும். சுற்றுலா சங்கம் ஒன்று வருடா வருடம் நடத்துகிற 'தேடிப்பிடி' ஆட்டம். இரண்டு பேர் ஓர் அணி. ஒவ்வொரு ஊரிலும் ஓர் உறை கொடுப்பார்கள். உள்ளே விடுகதை மாதிரி ஒரு குறிப்பு இருக்கும். அது எதைச் சொல்கிறதோ அதைத் தேடிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனால் அடுத்த ஊருக்கான உறை கிடைக்கும். பஸ், ரயில், படகு, இல்லாவிட்டால் சொந்தக் கால். வேறு வண்டியில் உட்காரக் கூடாது. செல்போனை முதல் நாளே வாங்கிப் பையில் போட்டு முத்திரை வைத்துவிட்டு, படம் எடுக்க ஒரு சின்ன கேமரா கொடுப்பார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. எனக்காக," என்றான் அண்ணன், மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு. காலைக் காட்டிக் கேட்டால் யார்தான் மறுப்பார்கள்?

போன பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்தால் நன்றாகவே வேலை நடந்தது. 'ஒரு நாளில் இரண்டே முறை உண்மை பேசுகிறவன்' என்று ஒரு குறிப்பு. நின்றுபோன கடிகாரம் என்று புள்ளி உடனே சொல்லிவிட்டாள். ஆனால் அந்த ஊரில் எந்தக் கடிகாரம் நின்றுபோயிருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அண்ணி நேரே சலூனுக்குள் நுழைந்து, சவரம் நடந்துகொண்டிருந்த ஆளிடமே கேட்டுவிட்டாள். பாதி முகம் நுரையோடு அவர் வாசல் வரைக்கும் வந்து, பழைய தபால் ஆபீஸுக்கு வழி சொன்னார். முன்பின் தெரியாதவர்களிடம் போய்ப் பேசுவது என்றால் புள்ளிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் நாள் முடிவில் முன்னணியில் இருந்தவை இரண்டே அணிகள்தான். இவர்கள் ஒன்று. இன்னொன்று ஒரு மாமனாரும் மருமகனும். மாமனார் பேக்கரி நடத்தி ஓய்ந்தவர், பந்து மாதிரி உருண்டையான மனிதர். மருமகன் லிஃப்ட் மெக்கானிக், நெட்டை, சிரிப்பதற்கும் யோசிப்பான். இவர்களுக்குப் பின்னால் இரண்டு பள்ளிக்கூட டீச்சர்கள், வழியில் கண்ட பூனையை எல்லாம் படம் எடுத்துக்கொண்டு ஆடி அசைந்து வந்தார்கள். மற்ற அணிகள் கண்ணுக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை, கடைசி ஊர். துறைமுகத்து ஊர். பஸ் சந்தில் திரும்பும்போது ஜன்னல் ஓரம் இருந்த புள்ளி சடாரென்று எழுந்தாள்.

"அண்ணி! அங்க பாருங்க!"

தெரு ஓரத்தில் ஒரு வெள்ளை வேன். கதவு திறந்திருந்தது. அதிலிருந்து மாமனார் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். பக்கத்தில் மருமகன், முதுகில் இரண்டு பேருடைய பையும். அண்ணி திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது.

"அதான் நேத்து நமக்கு முன்னாடி போனாங்க. வேன்ல வந்திருக்காங்க."

"அவங்க வரட்டும், கேட்டுப் பார்ப்போம்," என்றாள் அண்ணி.

"கையும் களவுமா பார்த்தாச்சு. இன்னும் என்ன கேக்கணும்?"

பஸ் நிலையத்தில் கடைசி உறையை வைத்துக்கொண்டு நடுவர் அம்மா உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர், கழுத்தில் இன்னமும் விசில். புள்ளி தாங்கள் எடுத்த படத்தைக் காட்டுவதற்கு முன்பே புகாரைச் சொல்லிவிட்டாள். சிறிது நேரத்தில் மாமனாரும் மருமகனும் வியர்க்க வியர்க்க வந்து சேர்ந்தார்கள்.

"வேன்ல உட்கார்ந்தீங்களா?" என்றார் நடுவர் அம்மா.

மாமனார் புள்ளியை ஒருமுறை பார்த்தார். "உட்கார்ந்தேம்மா."

"மாமா, முழுசா சொல்லுங்க. மேடம், என்ன நடந்துச்சுன்னா..."

"மூணு நாளா சாக்கு கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு தம்பி. உட்கார்ந்தாரா, இல்லையா? அவரே ஒத்துக்கிட்டார். ஒரு மணி நேரம் இங்கேயே இருக்கணும்."

விசில் ஊதினார். மருமகன் முகம் செங்கல் நிறமானது. மாமனார் "சரிம்மா" என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

கடைசிக் குறிப்பு சுலபமானது: 'கப்பலுக்கு வழி காட்டுவான், தான் ஓர் அடி நகர மாட்டான்.' எதிரே தெரிகிற தீவில் உள்ள கலங்கரை விளக்கம். இரண்டு பேரும் படகுத்துறைக்கு ஓடினார்கள். படகு நின்றுகொண்டிருந்தது, ஏறும் வழியை மறித்திருந்த கயிற்றை இன்னும் எடுக்கவில்லை. வரிசையில் முதலில் நின்றது இவர்கள்தான். ஜெயித்த மாதிரிதான். புள்ளிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அப்போது ஒரு பெண் சக்கர வண்டி நிறைய வெளுத்த படுக்கை விரிப்புகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தீவிலிருக்கும் விடுதிக்குப் போகிற சலவை. இவர்கள் கையில் கட்டியிருந்த மஞ்சள் பட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நீங்களும் அந்தப் போட்டிக்காரங்கதானே? ஒரு குண்டு ஐயா, ஒரு நெட்டைத் தம்பி, அவங்களைப் பார்த்தா என் நன்றியைச் சொல்லிடுங்க. ஒரு வார்த்தைகூடச் சொல்லாம வந்துட்டேன்."

"எதுக்கு நன்றி?" என்றாள் அண்ணி.

"ரயில்வே கேட்ல என் வேன் நின்னுபோச்சு. தண்டவாளத்து மேலயே. மணி அடிக்குது, கேட் இறங்குது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அந்தத் தம்பி ஓடி வந்து, 'அக்கா, நீங்க இறங்கித் தள்ளுங்க, மாமாவுக்கு மூச்சு வாங்கும், அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கட்டும்'னு சொல்லுச்சு. அவர் ஏறி உட்கார்ந்தார், நாங்க தள்ளினோம். ஓரமா கொண்டுபோய் நிறுத்தி அவர் இறங்கக்கூட இல்ல, அதுக்குள்ள ரயில் போச்சு."

புள்ளி முகத்தில் ஈயாடவில்லை.

"வெள்ளை வேனா?" என்றாள் மெதுவாக.

"ஆமா. அப்புறம் எப்படியோ கிளம்பிடுச்சு. அதோ நிக்குதே."

வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண் படகுக்காரரிடம் போனாள். அண்ணி புள்ளியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது புள்ளிக்கு.

"நான் பொய் சொல்லலையே அண்ணி. பார்த்ததைத்தானே சொன்னேன்?"

"பொய் சொல்லல."

"அவரும் உட்கார்ந்தேன்னு ஒத்துக்கிட்டார்."

"ஒத்துக்கிட்டார்."

"விதின்னா விதிதானே?"

"என்னை ஏன் கேக்கிற? உனக்கே தெரியாததா?"

மறித்திருந்த கயிற்றை எடுத்தார்கள். ஏறுகிறவர்கள் ஏறலாம் என்று படகுக்காரர் குரல் கொடுத்தார். புள்ளி ஒரு காலைப் பலகையில் வைத்தாள். பிறகு எடுத்தாள். அச்சான புத்தகத்தில் பிழையைக் கண்டுபிடிப்பது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் அதெல்லாம் யாரோ எழுதிய பிழை. இது அவளுடைய சொந்தக் கைச்சரக்கு.

"போகலாம் அண்ணி. திரும்பிப் போகலாம்."

"அடுத்த படகு எப்பன்னு தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. வா."

திரும்பினால் எதிரே டீச்சர்கள் இரண்டு பேரும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். "நீங்க வரலையா?" என்று ஒருத்தி கேட்டாள். "நீங்க போங்க," என்றாள் அண்ணி. படகு அவர்களை ஏற்றிக்கொண்டு நகர்ந்தது.

விரிப்புகளைப் படகில் ஏற்றிவிட்டு வந்த சலவைக்காரப் பெண், இவர்கள் சொன்ன விஷயத்தைக் கேட்டதும் வேன் கதவைத் திறந்தாள். "நானே வந்து சொல்றேன். ஏறுங்க."

"ஐயோ, நாங்க ஏறக் கூடாது!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

ஆக, வேன் முன்னால் போக, இவர்கள் பின்னால் ஓடினார்கள். அவள் தெருமுனைக்குத் தெருமுனை நிறுத்திக் காத்திருந்தாள். பார்த்தவர்கள் இவர்கள் வேனைத் துரத்துகிறார்கள் என்று நினைத்து, "நிறுத்தும்மா, நிறுத்து!" என்று அவளை அதட்டினார்கள்.

பஸ் நிலையத்தில் அந்தப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள். நடுவர் அம்மா விசிலைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"ஐயா, இதை நீங்க சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்டது உட்கார்ந்தேனான்னு. உட்கார்ந்தேன்," என்றார் மாமனார். "அதுக்கு மேல பேசினா சாக்குன்னு சொல்லிட்டீங்க."

நடுவர் அம்மாவுக்குச் சுருக்கென்றது. "கேக்காதது என் தப்பு. தண்டனை ரத்து. ஆனா போன நேரத்தை என்னால திருப்பிக் கொடுக்க முடியாது."

புள்ளி மாமனார் முன்னால் போய் நின்றாள். "மன்னிச்சிடுங்க. பஸ்ல இருந்து பார்த்தேன். தப்பா நினைச்சுட்டேன்."

"அதனால என்னம்மா, நானும் கொஞ்சம் காலாற உட்கார்ந்தேன்," என்றார் அவர்.

மருமகன் சிரிக்கவில்லை. "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இத்தனை தூரம் ஒண்ணா வந்திருக்கோம். நேரா புகார்தானா?"

அண்ணி அவளுக்காகப் பேச வாயெடுத்தாள். புள்ளி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அவர் சொல்றது சரிதான் அண்ணி."

அடுத்த படகில் நான்கு பேரும் ஒன்றாகப் போனார்கள். தீவில் இறங்கினால் கலங்கரை விளக்கம் வரைக்கும் செங்குத்தான மேடு. அணியில் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு. அண்ணி மாமனாரின் நடையைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தாள்.

"எனக்காக மெதுவா போகாதீங்க," என்று அவர் அதட்டினார். "அது தண்டனையைவிடக் கேவலம். ஓடுங்க!"

ஓடினார்கள், உயிரைக் கொடுத்து ஓடினார்கள். மேலே டீச்சர்கள் ஏற்கனவே கோப்பையோடு நின்று, கலங்கரை விளக்கக் காவல்காரரின் பூனையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணியும் புள்ளியும் இரண்டாவது. மாமனார் மருமகன் தோளில் கை போட்டுக்கொண்டு மூன்றாவதாக வந்து, புல்லில் மல்லாந்து படுத்துவிட்டார்.

"நாம அந்தப் படகிலேயே ஏறியிருந்தா..." என்று ஆரம்பித்த புள்ளி பாதியில் நிறுத்தினாள்.

"கோப்பை நம்ம கையில இருந்திருக்கும்," என்றாள் அண்ணி, மூச்சு வாங்க. "வீட்டுல எந்த அலமாரியில வைக்கிறதுன்னு நமக்குள்ள சண்டையும் வந்திருக்கும்." இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

திரும்பி வரும் படகில் மாமனார் தூங்கிப்போனார். அண்ணி அவருடைய முழங்காலைப் பார்த்து ஏதோ தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மருமகன் எழுந்து வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த புள்ளிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பஸ் ஜன்னல்ல உங்க முகத்தை நான் பார்த்தேன்," என்றான். "நீங்க சொல்லிடுவீங்கன்னு தெரியும். வேன்ல ஏறவே இல்லைன்னு சாதிச்சிடலாம்னு வழியெல்லாம் மாமாகிட்ட சொல்லிட்டு வந்தேன். மனுஷன் கேக்கல."

புள்ளி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானா இருந்தா சாதிச்சிருப்பேன்," என்றான் அவன். "அந்தக் கோவத்தையும் சேர்த்து உங்க மேல காட்டிட்டேன்."

"நானா இருந்தா, உட்கார்ந்தேன்னு அப்படி ஒரு வார்த்தையில சொல்லி நிறுத்தியிருக்க மாட்டேன்," என்றாள் புள்ளி. "விதிப் புத்தகத்தை எடுத்து வரிக்கு வரி வாதாடியிருப்பேன்."

அவன் முதல் தடவையாகச் சிரித்தான். புள்ளி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அவனும் உட்கார்ந்தான்.