ஆனந்தமேரிக்கு எட்டும் கயிறு

1983 சனவரியில் லூயிஸ் முசியே படகுக் கம்பெனிக்குள் நுழைந்தபோது, லூர்துசெல்வி மீன்பிடி விசைப்படகு ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருந்த அந்தக் கம்பெனியில் படகு வரைபவள் அவள் ஒருத்திதான்.

லூயிஸ் பிரான்சில் நடத்திய ஓட்டலை விற்றுவிட்டு ஊர் திரும்பியவர்; அவரை 'முசியே' என்றும் அவர் மனைவியை 'மதாம்' என்றும் பிரெஞ்சு மரியாதையோடுதான் ஊரில் கூப்பிடுவார்கள்.

"முப்பத்தஞ்சு அடியில பாய்மரப் படகு வேணும்மா. வேகமாப் போவணும், உள்ள சொகுசா இருக்கணும். நானும் மதாமும் மட்டுந்தான் ஓட்டப் போறோம்."

இரண்டு மாதத்தில் வரைபடம் தயாரானது. உயரமான பாய்மரம், பெரிய பாய், தேக்குக் கட்டில், சலவைக்கல் பதித்த சமையல் மேடை. லூயிஸ் பூரித்துப்போனார். அவர் மனைவி ஆனந்தமேரிதான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பாய எறக்கணும்னா என்னாம்மா பண்ணணும்?"

"பாய்மரத்துக்கிட்டப் போயி கயித்த அவுக்கணும், மதாம்."

"அலையில அதுவரைக்கும் நடக்கணுமா? எனக்கு அம்பத்தெட்டு வயசு. இவ்ளோ பெரிய பாய இழுக்கவும் முடியாது. அப்ப நான் எதுக்கு, காபி போடவா?"

லூயிஸ் சிரித்தார். லூர்துசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றின் விசையைக் கணக்குப் போட்டவள், கயிற்றை இழுக்கப்போகும் கையை நினைக்கவே இல்லை.

மறுநாள் தச்சர் தணிகாசலத்தை வைத்து, படகின் பின்பகுதியைப் பழைய பலகைகளால் தரையிலேயே கட்டினாள். சுக்கானருகே ஆனந்தமேரியை உட்காரவைத்து, அவர் கை எட்டும் தூரத்தைச் சாக்கட்டியால் குறித்தாள். பாய்க்குப் பதில் மணல் மூட்டை தொங்கியது. ஒரு கப்பியில் அசையாத மூட்டை, நான்கு கப்பி போட்டதும் மேலே போனது.

"அட, வருதே!" என்றார் ஆனந்தமேரி.

வரைபடத்தை மாற்றி, எல்லாக் கயிறுகளையும் அந்த இருக்கைக்கே கொண்டுவந்தாள். பாயில் கால்வாசியைக் குறைத்தாள்.

"அப்ப வேகம்?" என்றார் லூயிஸ்.

"எடையக் கொறைச்சா வேகம் வந்துடும், முசியே. மெத்தை, வெந்நீர்க் குழாய் எல்லாம் இருக்கட்டும். சலவைக்கல்ல எடுத்துடறேன்."

"சலவைக்கல்லையா?"

கோபித்துக்கொண்டு போனவர் இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தார். "வீட்டுல காபி கெடைக்கலம்மா. எங்க கையெழுத்து போடணும்?"

அடுத்த ஆண்டு மாசியில் படகு முகத்துவாரம் தாண்டியது. ஆறு வருடமாகப் படகு வரைந்த லூர்துசெல்வி கடலுக்குள் போனது அன்றுதான் முதல்முறை. வீராம்பட்டினத்துக்கு நேராக வந்ததும் ஆனந்தமேரி உட்கார்ந்த இடத்திலிருந்தே பாயை ஏற்றினார். படகு ஒருபக்கம் சாய்ந்து பாய்ந்தது. முன்னால் போன விசைப்படகு பக்கத்தில் வந்து, பிறகு பின்தங்கியது.

"பொம்பளடா ஓட்டுறது!" என்று அதிலிருந்து ஒருவன் கத்தினான்.

லூயிஸ் சுக்கானுக்குக் கை நீட்டினார். "கொஞ்சம் என்கிட்ட குடேன்."

"கடலூர் வரட்டும், தர்றேன். நீங்க போயி காபி போடுங்க."

லூர்துசெல்வி ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டுமுறை வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். படகு கிழித்த நீர், அதிகம் நுரைக்காமல் வழுக்கிக்கொண்டு பின்னால் ஓடியது.

"மதாம், கயித்த இன்னும் கொஞ்சம் இழுங்க!" என்று கத்தினாள். "இன்னும் போவும்!"